ஐந்தடி இடைவெளி

யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் வேலிக்கு இருந்த இடம் வேறெதற்கும் இருந்ததில்லை. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த தொடக்க காலத்தில் நீதிமன்றச் செய்திகளை எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. கொலை வழக்கு எப்போதாவது வரும். காணி வழக்கோ நாள் தவறாமல் வரும். ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கிளுவங் கதியாலை ஒரு சாண் அடுத்தவர் பக்கமாக நட்டுவிடுவதற்கு எங்கள் ஊர்களில் ‘கதியால் அரக்குதல்’ என்று பெயர். அந்த ஒரு சாணுக்காக வழக்கறிஞர்களுக்கு ஒரு பரப்புக் காணியின் விலையைக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். தகப்பன் தொடங்கிய வழக்கை மகன் முடித்துவைத்ததும் உண்டு.

அந்த வேலிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஜூனில் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அந்தப் பெருநிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. 2013இல் அங்கே 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. 2015 முதல் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டு வந்தாலும், எல்லாம் விடுபட்டுவிட்டன என்று இன்றும் சொல்ல முடியாத நிலையே உள்ளது. எங்கள் காணி 2018இல் விடுபட்டது. போய்ப் பார்த்தபோது வேலியும் இல்லை, வேலியோரத்துப் பூவரசும் இல்லை, எல்லையில் நின்ற பனைகளும் இல்லை. நாயுண்ணிப் பற்றை மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது. பற்றைக்குள் ஒரு கிணறு இருந்தது.

நிலத்தில் அடையாளம் அழிந்துபோன இடத்தில் எஞ்சியிருந்தது ஒரு தாள். 1968ஆம் ஆண்டு ஐயா ஒரு நில அளவையாளரைக் கொண்டு வரைவித்த காணிப்படம் அது. இடம்பெயர்ந்த போதெல்லாம் உறுதிகளோடு சேர்ந்து இரும்புப் பெட்டியில் அதுவும் இடம்பெயர்ந்தது. நான்காக மடித்த மடிப்பு நான்கு இடத்திலும் தேய்ந்திருந்தது. அந்தத் தாளிலிருந்து கணினியில் ஒரு காணியின் எல்லையை மீண்டும் வரைந்த கதையையே இங்கு எழுதுகிறேன். தாயகத்துக் காணிகளின் பழைய படங்களை ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் பெட்டிக்குள் வைத்திருக்கும் அன்பர்கள் பலருக்கு இது பயன்படக்கூடும்.

அக்கா அந்தக் காணியில் சிறிய வீடொன்றைக் கட்ட விரும்பினார். கடைசிக் காலத்தை ஊரிலேயே கழிக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. அவருடைய மகள், அதாவது என் மருமகள், ரொறன்ரோவில் கட்டடக் கலைஞராகத் தொழில் செய்கிறார். தாய்க்கு வீடு வரையும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். வீட்டை வரையுமுன் காணியை வரைய வேண்டும். மதிலிலிருந்து எத்தனை அடி தள்ளிச் சுவர் வரலாம், ஒழுங்கைப் பக்கம் எவ்வளவு விடவேண்டும் என்பவை எல்லாம் எல்லைக்கோட்டை வைத்தே கணிக்கப்படும். ஆகவே 1968ஆம் ஆண்டுப் படத்தைப் புகைப்படமெடுத்து அனுப்பினோம்.

காணிப்படம் ஒன்றை ஊன்றிப் பார்த்தவர்கள் குறைவு. எல்லோரும் பரப்பளவைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரமாகவும் சிறிய எழுத்தில் இரண்டு செய்திகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று அந்தப் பக்கத்தின் நீளம். மற்றது அதன் திசைகோள். ‘வடக்கு 86 பாகை 30 கலை கிழக்கு’ என்றிருந்தால், வடக்கை நோக்கி நின்று, அங்கிருந்து கிழக்குப் பக்கமாக 86½ பாகை திரும்பி நடக்க வேண்டும் என்பது பொருள். ‘தெற்கு 4 பாகை கிழக்கு’ என்றால் தெற்கை நோக்கி நின்று கிழக்குப் பக்கமாக 4 பாகை திரும்ப வேண்டும். இவ்வளவுதான். ஒரு மூலையில் தொடங்கி இந்தக் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றினால், தொடங்கிய மூலைக்கே திரும்பிவர வேண்டும்.

எங்கள் படத்தில் நீளங்கள் சங்கிலியிலும் கண்ணியிலும் இருந்தன. இங்கிலாந்துக் கணிதவியலாளர் எட்மண்ட் கன்ரர் 1620 அளவில் வகுத்த அளவைச் சங்கிலி அது. 66 அடி நீளம், 100 கண்ணிகள். ஒரு கண்ணி 7.92 அங்குலம். பார்க்கக் கோணலான எண்ணாகத் தோன்றினாலும் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர். நமது கணக்கில் ஏக்கருக்கு 16 பரப்பு, பரப்புக்கு 10 பேர்ச்சஸ், அல்லது 18 குழி. ஆகவே ஒரு பரப்பு 2,722.5 சதுர அடி. இந்த மூன்று நூற்றாண்டுக் கணக்குகளும் ஒரே தாளில் இருந்தன.

வடமேற்கு மூலையிலிருந்து வலஞ்சுழியாகப் படம் சொன்னது இது. ஒழுங்கை ஓரமாக வடக்கு 86 பாகை 30 கலை கிழக்கு, 140 கண்ணி. கிழக்குப் பக்கம் தெற்கு 4 பாகை கிழக்கு, 180 கண்ணி. தென்பக்கம் தெற்கு எண்பத்தேதோ பாகை மேற்கு, 150 கண்ணி. மேற்குப் பக்கம் வடக்கு 1 பாகை மேற்கு, 187 கண்ணி. பரப்பளவு 4 பரப்பு 4½ குழி. தென்பக்கத்துத் திசைகோளின் இரண்டாம் இலக்கம் சரியாக மடிப்பில் அகப்பட்டுத் தேய்ந்திருந்தது. நிமிர்ந்த கோடு ஒன்று மட்டும் தெரிந்தது. மருமகள் அதனை 81 என்று வாசித்தார். யார் பார்த்தாலும் அப்படித்தான் வாசிப்பார்கள்.

இக்காலக் கட்டட வரைவு மென்பொருள்களில் இதற்கென்றே வசதி உண்டு. ஓட்டோகாட்டில் கோண அலகை நில அளவையாளர் முறைக்கு மாற்றிக்கொண்டால் திசைகோளை அப்படியே தட்டச்சு செய்யலாம். மாற்றாவிட்டால் அது இயல்பாகக் கிழக்கையே சுழியமாகக் கொண்டு இடஞ்சுழியாக எண்ணும். நில அளவையாளரோ வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் எண்ணுகிறார். மாற்றாமல் 86½ என்று கொடுத்தால், கிழக்கே போகவேண்டிய ஒழுங்கைக்கரை ஏறக்குறைய வடக்கே ஏறிப்போய்விடும். மருமகள் பயன்படுத்துவது ரெவிட். அதில் எல்லைக்கோட்டைக் கையால் வரையலாம், அல்லது தூரத்தையும் திசைகோளையும் அட்டவணையில் நிரப்பலாம். கண்ணிகளை 0.66ஆல் பெருக்கி அடியாக்கி, 92.4, 118.8, 99, 123.42 என்று நான்கு வரிகளாக நிரப்பியிருக்கிறார். அட்டவணையின் கீழே, கடைசிப் புள்ளிக்கும் முதற் புள்ளிக்கும் இடையில் எவ்வளவு மிச்சம் என்று அந்த மென்பொருள் காட்டும். பக்கத்திலேயே, அந்த மிச்சத்தை ஒரு கோட்டால் மூடிவிடும் பொத்தான் ஒன்றும் இருக்கும்.

அன்றிரவு தொலைபேசி வந்தது. “மாமா, நாலாவது கோடு துவங்கின இடத்துக்கு வந்து சேரேல்லை. அஞ்சடி இடைவெளி நிக்குது. பொத்தானை அமத்தினால் மூடுப்பட்டிடும். ஆனா நான் அமத்தேல்லை.”

ஏன் அமத்தவில்லை என்று கேட்டேன். மூடினால் படம் அழகாக இருக்கும், பிழை எங்கே இருக்கிறது என்பது மறைந்துவிடும் என்றார். செய்தி ஆசிரியர் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இரண்டு நிருபர்களின் அறிக்கைகள் பொருந்தாதபோது இடையில் ஒரு வசனத்தைப் போட்டு ஒட்டிவிடும் ஆசை எவ்வளவு வலியது என்பது எனக்குத் தெரியும். ஒட்டிய இடத்திலேதான் பொய் குடியிருக்கும்.

ஆனால் அக்காவுக்கு அந்த 81 பாகைப் படம் பிடித்துவிட்டது. காரணம் கிணறு. ஊரிலிருக்கும் உறவினர் ஒருவர் ஒழுங்கை ஓரத்தில் மிஞ்சியிருந்த இரண்டு மூலைக் கற்களிலிருந்தும் நாடா பிடித்துக் கிணற்றின் நடுவை அளந்து அனுப்பியிருந்தார். மேற்குக் கல்லிலிருந்து ஏறத்தாழ 123 அடி, கிழக்குக் கல்லிலிருந்து 149 அடி. கிணற்றின் விட்டம் 9 அடி. அந்தப் படத்தின்படி தென்னெல்லை கிணற்றுக்கு அப்பால் போனது. முழுக் கிணறும் எங்கள் காணிக்குள் விழுந்தது. மதிலை அப்படியே கட்டிவிடலாம் என்று அக்கா முடிவு செய்துவிட்டார்.

கிணறு வெட்டப்பட்டது 1972இல். ஆகவே 1968ஆம் ஆண்டுப் படத்தில் அது இல்லை. உறுதியிலும் இல்லை. யாழ்ப்பாணத்து உறுதிகளில் வழமையாக வரும் ‘கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியமும்’ என்ற தொடர் எங்கள் உறுதியில் காணப்படவில்லை. மிஞ்சியது நினைவு. அந்தக் கிணற்றில் இரு பக்கமும் துலா நின்றதை நான் கண்டிருக்கிறேன். திருமணமாகி 1970இல் கொழும்புக்குப் போன அக்கா பின்னர் விடுமுறைக்கு வந்தபோது கண்டது வேறு. தென்பக்கத்து வீட்டார் 1982இல் தங்களுக்கென வேறொரு கிணற்றை வெட்டிக்கொண்டார்கள். அதன்பின் இரு வீட்டாரின் சம்மதத்தோடு வேலி கிணற்றைச் சுற்றி அப்பால் போனது. எட்டு ஆண்டுகள் கிணறு எங்கள் வேலிக்குள் இருந்தது. இரண்டு நினைவும் உண்மைதான். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை நினைவில் வைத்திருந்தோம் என்றும் சொல்லலாம்.

இதற்கிடையே மருமகள் ஐந்தடியை விடாமல் துருவிக்கொண்டிருந்தார். அவர் எனக்கு விளக்கியதை இங்கே எளிமையாகத் தருகிறேன், ஏனெனில் இதற்கு மென்பொருள்கூட வேண்டியதில்லை. ஒவ்வொரு கோட்டையும் இரண்டாகப் பிரிக்கலாம். அது வடக்குத் தெற்காக எவ்வளவு போகிறது, கிழக்கு மேற்காக எவ்வளவு போகிறது என்று. நீளத்தைக் கோசைனால் பெருக்கினால் முன்னது, சைனால் பெருக்கினால் பின்னது. ஒரு சுற்று முடிந்தால் வடக்கே போன கணக்கும் தெற்கே போன கணக்கும் சமமாக வேண்டும். கிழக்கும் மேற்கும் அவ்வாறே. எங்கள் காணியில் கிழக்கு மேற்குக் கணக்கு ஒரு கண்ணிக்குள் பொருந்திவிட்டது. வடக்குத் தெற்கில் மட்டும் ஏழரைக் கண்ணி துண்டு விழுந்தது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு கோட்டின் நீளம் பிழையானால் இடைவெளி அந்தக் கோட்டின் வழியே விழும். திசைகோள் பிழையானால் இடைவெளி அந்தக் கோட்டுக்குக் குறுக்காக விழும். எங்கள் இடைவெளி வடக்குத் தெற்காக விழுந்தது. மேற்குப் பக்கத்தினதோ கிழக்குப் பக்கத்தினதோ நீளம் பிழையாக இருக்க வேண்டும், அல்லது ஒழுங்கைக்கரை, தென்பக்கம் ஆகிய இரண்டில் ஒன்றின் திசைகோள் பிழையாக இருக்க வேண்டும். நீளங்களும் ஒழுங்கைக்கரையின் திசைகோளும் தாளில் தெளிவாக இருந்தன. தேய்ந்திருந்தது ஒன்றே ஒன்று. அது எவ்வளவு பிழை என்பதையும் கணக்கு சொல்லிவிடுகிறது. 57 அடி தூரத்தில் ஒரு பாகை பிசகினால் ஓர் அடி விலகும் என்பது நில அளவையாளர் கைக்கணக்கு. 99 அடியில் ஐந்தடி விலகினால் பிசகு ஏறக்குறைய மூன்று பாகை.

81உடன் மூன்றைக் கூட்டினால் 84. கைப்பட எழுதிய 4இன் நிமிர்ந்த கால் மட்டும் மடிப்பில் தப்பியிருந்தால் அது 1 போலத்தான் தெரியும். 84 என்று போட்டதும் வடக்கே 195.52 கண்ணி, தெற்கே 195.24 கண்ணி. கிழக்கே 152.30, மேற்கே 152.44. மிச்ச இடைவெளி ஏறத்தாழ இரண்டரை அங்குலம். 657 கண்ணிச் சுற்றளவில், இரும்புச் சங்கிலி இழுத்து அளந்த காலத்துக்கு அது நல்ல வேலை. அந்த அளவுச் சில்லறைப் பிசகு எந்த அளவையிலும் இருக்கும். அதனை எல்லாக் கோடுகளுக்கும் அவற்றின் நீளத்துக்கு ஏற்பப் பங்கிட்டுவிடும் விதியை அமெரிக்கரான நத்தானியல் பௌடிச் 1808இலேயே எழுதிவைத்தார். சில்லறைப் பிசகைப் பங்கிடலாம். ஐந்தடியைப் பங்கிட முடியாது. அது பிசகன்று, பிழை.

பரப்பளவும் சாட்சி சொன்னது. 84 என்று வைத்தால் 42.48 பேர்ச்சஸ். தாளிலுள்ள 4 பரப்பு 4½ குழி என்பது 42.5 பேர்ச்சஸ். 81 என்று வைத்து அந்தப் பொத்தானால் மூடினால் 43.18 வருகிறது. அதாவது ஒன்றேகால் குழிக் காணி எங்களுக்கு அதிகம். புதிய கோட்டை வரைந்து கிணற்றின் நடுவையும் அதில் குறித்து மருமகள் எனக்கு அனுப்பினார். கோடு கிணற்றின் நடுவே போனது.

அக்காவிடம் இதனைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. “கனடாவில இருந்துகொண்டு அவளுக்கு எங்கட கிணறு எங்க இருக்குதெண்டு தெரியுமோ தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஊரில் ஒரு வழக்கறிஞரோடு பேசிவிட்டதாகவும் சொன்னார். அவருடைய கோபத்துக்குப் பின்னால் இருந்தது கிணறு மட்டுமன்று. இருபத்தெட்டு ஆண்டுகள் எல்லாவற்றையும் இழந்திருந்தவரிடம், திரும்பக் கிடைத்ததிலும் ஐந்தடி உன்னுடையதன்று என்று சொன்னால் எந்த மனம் ஏற்கும்? அதே இருபத்தெட்டு ஆண்டுகளைத் தென்பக்கத்து வீட்டுக்காரரும் இழந்திருந்தார் என்பதை அப்போது எடுத்துச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவர் அந்தக் காலத்தில் பெரும்பகுதியை மல்லாகத்தில் ஒரு நலன்புரி முகாமில் கழித்தவர்.

நான் அவரிடமே போனேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அண்ணை என்றே சிறுவயதிலிருந்து அழைத்து வருகிறேன். படத்தையும் கணக்கையும் மறைக்காமல் அவர்முன் வைத்தேன். அவர் உள்ளே போய்ப் பொலித்தீன் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். அவர்களுடைய காணிக்கு 1974இல் வேறொரு நில அளவையாளர் வரைந்த படம். எங்களுக்குத் தென்னெல்லையாக இருப்பது அவர்களுக்கு வடவெல்லை. அவர்கள் படத்தில் அந்தக் கோடு எதிர்ப்பக்கத்திலிருந்து, மேற்கிலிருந்து கிழக்காக, அளக்கப்பட்டிருந்தது. ‘வடக்கு 84 பாகை 15 கலை கிழக்கு.’ திசைகோளை எதிர்த்திசையில் வாசித்தால் வடக்கு தெற்காகும், கிழக்கு மேற்காகும், பாகை மாறாது. அந்தப் படத்தில் கிணறும் இருந்தது. சிறிய வட்டம், அதன் நடுவே எல்லைக்கோடு. “தம்பி, உங்கட ஐயாவும் எங்கட ஐயாவும் சேந்து வெட்டின கிணறு. ஒருத்தற்ற காணிக்கையும் வெட்டப்படாது எண்டுதான் எல்லையில வெட்டினவை” என்றார்.

இத்தனைக்குப் பிறகும் கணினியில் வரைந்த கோடு எல்லையாகிவிடாது. ஏனென்று சொல்ல வேண்டும். திசைகோள்களும் தூரங்களும் தருவது காணியின் உருவத்தை மட்டுமே. ஒரு தட்டை மேசையில் சுழற்றுவதுபோல அந்த உருவத்தை எப்படியும் திருப்பலாம், கோடுகள் அப்போதும் மூடியே இருக்கும். பழைய படத்து வடக்கு, திசைகாட்டி ஊசி காட்டிய வடக்கு. அது உண்மை வடக்கிலிருந்து விலகியிருக்கும், அந்த விலகலும் ஆண்டுக்காண்டு மாறும். இன்றைய அளவையாளர் செய்மதி வாங்கியோடு வந்து, பிதுருதலாகலை உச்சியை மூலமாகக் கொண்ட தேசிய ஆள்கூற்று முறையில் வேலை செய்கிறார். அவருடைய வடக்கு வேறு. ஆகவே இரண்டு படங்களின் திசைகோள்களை நேரே ஒப்பிடுவது எப்போதும் சரிவராது. ஆனால் இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட கோணம் எந்த வடக்கை வைத்தாலும் மாறாது.

உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரை இரு வீட்டாரும் சேர்ந்தே அழைத்தோம். செலவையும் பாதியாகப் பகிர்ந்தோம். 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டத்தின் கீழ் அத்தகையவர் ஒப்பமிட்ட படத்துக்கே சட்டப் பெறுமதி உண்டு, கட்டடக் கலைஞர் வரைந்ததற்கு இல்லை. அவர் முதலில் தேடியது கற்களை. ஒழுங்கை ஓரத்துக் கற்கள் இரண்டுக்கும் இடையில் 92 அடி 5 அங்குலம். தாளில் 140 கண்ணி, அதாவது 92.4 அடி. பற்றையை வெட்டித் தோண்டியபோது தென்கிழக்கு மூலைக் கல்லும் அகப்பட்டது. தென்மேற்குக் கல் கிடைக்கவில்லை. தென்கிழக்குக் கல்லில் கருவியை நிறுத்தி, கிழக்கெல்லைக்கும் கிணற்றின் நடுவுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்தார். 92 பாகையும் சில கலைகளும். 81 சரியாக இருந்திருந்தால் தென்னெல்லை அந்த மூலையில் 95 பாகையில் புறப்பட்டிருக்கும். கிணறு எல்லையில்தான் வெட்டப்பட்டது என்ற சொல்லும், மடிப்பில் தேய்ந்த எண்ணும், மூன்று கற்களும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. தொலைந்துபோன கல்லின் வேலையை அத்தனை ஆண்டுகளும் கிணறே செய்துவந்திருக்கிறது.

சட்டம் இதற்கு என்ன சொல்லியிருக்கும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எங்கள் நாட்டில் இவ்விடயத்தில் உரோம ஒல்லாந்துச் சட்டத்தின் வழிதான் நடைமுறை. நிலத்தில் எல்லை தெளிவாக இருக்குமானால் அதற்கே முதன்மை, உறுதியில் எழுதிய பரப்பளவு அதற்குப் பின்னால். எல்லையை வரையறுத்துத் தரும்படி வழக்கிடவும் வழி உண்டு. ஆண்டனுபவத்தால் உரிமை கோருவதானால் 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் பத்து ஆண்டு இடையறாத எதிருரிமை ஆட்சியைக் கேட்கிறது. எங்கள் வேலி கிணற்றைச் சுற்றி நின்றதோ எட்டு ஆண்டு, அதுவும் சம்மதத்தோடு. இடம்பெயர்ந்தோரின் காணிகளை அவர்கள் இல்லாத காலத்தைக் காட்டிப் பிறர் பறித்துவிடாதிருக்க 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் கொண்டுவரப்பட்டது. அது கணக்கிலெடுத்த காலம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை. வழக்குப் போட்டிருந்தால் நாங்கள் தோற்றிருப்போம் என்பது ஒருபுறம். தோற்பதற்கு முன் எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அக்காவுக்கும் அண்ணைக்கும் அவ்வளவு ஆண்டுகள் கையில் இல்லை.

அளவையாளர் இலக்கங்களை வாசித்தபோது அக்கா அங்கேயே நின்றார். எதுவும் பேசவில்லை. மறுநாள் மகளைத் தொலைபேசியில் அழைத்து, மதிலைக் கிணற்றின் இரு பக்கக் கட்டோடும் நிறுத்திவிடு, நடுவே கட்டாதே என்று சொன்னார். பழைய பங்குக் கிணறுகள் அப்படித்தான் இருக்கும். வேலி இரு பக்கமும் வந்து கிணற்றுக்கட்டில் முடியும், அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் நீர் அள்ளலாம். வீட்டின் குளியலறைப் பக்கம் மூன்றடி வடக்கே தள்ளி வரையப்பட்டது. வீடு இப்போது எழும்பி நிற்கிறது. கிணற்றை இரு வீட்டாரும் சேர்ந்து இறைத்துத் துப்புரவு செய்தோம்.

பழைய காணிப்படம் வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். தாளை இனி மடிக்காதீர்கள். மடிப்பு எண்ணைத் தின்னும். நல்ல வெளிச்சத்தில் விரித்துப் பிரதியெடுத்து, உறவினர் இருவர் மூவரிடம் கொடுத்து வையுங்கள். பிள்ளைகளில் ஒருவருக்குக் கணினி வரைவு தெரிந்திருந்தால் திசைகோள்களைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். கண்ணியா அடியா மீற்றரா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கோடு மூடாவிட்டால் பொத்தானால் மூடவேண்டாம். எவ்வளவு மிச்சம், எந்தப் பக்கமாக மிச்சம் என்று பாருங்கள். எந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை அந்த இடைவெளியே காட்டிக்கொடுக்கும். மூடிய உருவத்தின் பரப்பளவைத் தாளிலுள்ள பரப்பளவோடு ஒப்பிடுங்கள். பிறகு, வழக்கறிஞரிடம் போகுமுன், பக்கத்துக் காணிக்காரரிடம் அவருடைய படத்தைக் கேளுங்கள். உங்கள் எல்லையின் மற்றப் பாதி அவருடைய பெட்டியில்தான் இருக்கும்.